வார்டு எங்கே இருக்கிறது?

அமெரிக்காவில் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி தேடும் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் அறிவுரை ஒன்று உண்டு: ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி) கிடைத்தவர்களின் சதவீதத்தைப் பார், கட்டணத்தைப் பார், சேர்ந்துவிடு. 2020-இல் எம்.டி., டி.ஓ. (ஆஸ்டியோபதி பட்டம்) என இரு வகைப் பட்டதாரிகளுக்குமான ரெசிடென்சி அங்கீகாரம் ஒரே அமைப்பின்கீழ் வந்துவிட்டதாம். இனி எந்தக் கல்லூரியானால் என்ன என்கிறார்கள். டி.ஓ. பட்டம் ஐம்பது மாநிலங்களிலும் முழு மருத்துவ உரிமை தருகிறது என்பதில் ஐயமில்லை. 1892-இல் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் மிசூரியின் கிர்க்ஸ்வில்லில் தொடங்கிய ஆஸ்டியோபதி பள்ளியிலிருந்து வந்த கைமுறை சிகிச்சை, முதுகுவலிக்காரர்கள் சிலருக்கேனும் உதவுகிறது. மண்டையோட்டு எலும்புகளின் அசைவை விரலால் உணரலாம் என்ற சான்றில்லாத பாடம் இன்னும் நீடிப்பது வருத்தம்தான். ஆனால் ஒருவருடைய மருத்துவ வாழ்வை அது கெடுத்துவிடாது.

கெடுக்கக்கூடியது மூன்றாம் ஆண்டு. பல ஆஸ்டியோபதி கல்லூரிகளுக்குச் சொந்தப் போதனா மருத்துவமனை கிடையாது. இரண்டு ஆண்டு வகுப்பறைப் படிப்பு முடிந்ததும் மாணவர்களைத் தொலைதூர ஊர்களின் சிறு மருத்துவமனைகளுக்கும் தனி மருத்துவர்களின் கிளினிக்குகளுக்கும் பிரித்து அனுப்புகிறார்கள். ரெசிடென்ட்கள் இல்லாத இடத்தில் முதல் உதவியாளராக நிற்கும் வாய்ப்பு மாணவருக்கே கிடைக்கும் என்று இதை ஆதரிப்பவர்கள் சொல்வார்கள். நல்ல ஆசிரியர் அமைந்தால் அது உண்மை. அமையாவிட்டால்? உள்நோயாளிகளே இல்லாமல் உள்மருத்துவப் பயிற்சியை முடிக்க வேண்டிவரும். காலைச் சுற்றில் ஒரு நோயாளியைக் குழுவின் முன் எடுத்துரைக்கவும், இரவில் நிலை மோசமானவரை மறுநாள் தொடர்ந்து கவனிக்கவும் பழக இடமிராது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளை ஆய்வு செய்த ஃப்ளெக்ஸ்னர் தம் 1910 அறிக்கையில் ஆஸ்டியோபதி பள்ளிகளிடம் கண்ட பெருங்குறைகளில் மருத்துவமனைப் பயிற்சியின் போதாமையும் ஒன்று. நூறாண்டு கடந்தும் அதே குறையைப் பேச வேண்டியிருப்பது சாதாரண விஷயமல்ல.

எல்லாவற்றையும் ரெசிடென்சி சரிசெய்துவிடும் என்ற மறுப்பு நிற்காது. ரெசிடென்சிக்கு விண்ணப்பிப்பது நான்காம் ஆண்டின் தொடக்கத்தில். அதற்கான பரிந்துரைக் கடிதங்களில் பெரும்பாலானவை அதற்கு முந்தைய வார்டுகளிலிருந்தே வரவேண்டும். சதவீதமும் இங்கே கைகொடுக்காது: விரும்பிய துறை கிடைத்தவரையும் கிடைத்ததை ஏற்றுக்கொண்டவரையும் அது ஒன்றாகவே எண்ணுகிறது. ஆகவே சேருமுன் கேட்க வேண்டியவை வேறு: மூன்றாம் ஆண்டின் ஒவ்வொரு பயிற்சியும் எந்த ஊரில், எந்த மருத்துவமனையில்? அங்கே ரெசிடென்ட்கள் உண்டா? இடத்தைக் கல்லூரி உறுதிசெய்கிறதா, மாணவரே தேட வேண்டுமா? மருத்துவமனைப் பெயர்களோடு எழுத்தில் பதில் தராத கல்லூரிக்கு, அதன் சதவீதம் எவ்வளவு உயர்ந்ததானாலும், முன்பணம் கட்டக் கூடாது.