ஏறியதும் முடிந்துவிடுகிறது: பொக்லைன் வீடியோக்கள் பற்றி ஒரு குறிப்பு

எம். புதுப்பட்டி டீக்கடையில் ஒருவர் போனை நீட்டி, "இதைப் பாருங்கண்ணே, என்னா கை!" என்றார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். டிப்பர் லாரி ஒன்று நிற்கிறது. ஏறுவதற்குச் சாய்பலகையும் இல்லை, மண்மேடும் இல்லை. செயின் வண்டி லாரிக்குப் பின்னால் வந்து, பக்கெட்டை டிப்பர் பாடிக்குள் ஊன்றி, முன்பக்கத்தைத் தூக்கிக்கொள்கிறது. செயின் விளிம்பில் ஏறியதும் மேல்பாகத்தை அப்படியே பின்னால் திருப்பி, பக்கெட்டைத் தரையில் ஊன்றி, தன் பின்பக்கத்தைத் தானே தூக்கி உள்ளே போய்விடுகிறது. மாஸ் பாட்டு. கைதட்டல். முடிந்தது.

2019-ல் ஜேசிபி மண் தோண்டுவதை நாடே உட்கார்ந்து பார்த்துச் சிரித்தது ஞாபகமிருக்கும். அது வேடிக்கை. இந்த ஏற்றும் வீடியோக்கள் வேறு ரகம், இவை தொழிலைக் கற்றுக்கொடுக்கின்றன. புதிதாக லீவர் பிடிக்கிற பையன் இதைப் பார்த்துத்தான் 'ஆபரேட்டர் என்றால் இப்படி ஏற்றணும்' என்று நினைக்கிறான். அதனால்தான் இதை ஒரு சினிமாவை விமர்சிப்பதுபோல உட்கார்ந்து விமர்சிக்கலாம் என்று தோன்றியது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கை சாதாரணக் கை இல்லை. எடை எந்த நொடியில் எந்தப் பக்கம் சாயும் என்பது உடம்புக்குள் ஏறியிருந்தால்தான் அது முடியும். என் குறை ஆபரேட்டர் மேல் இல்லை, கேமரா மேல்தான்.

நான் பார்த்த வீடியோக்கள் எல்லாம் ஒரே இடத்தில் முடிகின்றன: வண்டி உள்ளே உட்கார்ந்ததும் கட். அதற்கப்புறம் சங்கிலி போட்டார்களா, டயருக்குக் கட்டை வைத்தார்களா, பூமைத் தாழ்த்திப் பூட்டினார்களா? ஒன்றில்கூட இல்லை. ஏற்றுவதற்கு ஐந்து நிமிடம், ஓட்டுவதற்கு இரண்டு மணி நேரம் என்றால், அந்த இரண்டு மணி நேரத்துக்கான வேலையைத்தான் வெட்டி எறிகிறார்கள்.

இத்தனைக்கும் கட்டத் தெரியாத ஊரா இது? சிவகாசியில் பட்டாசுப் பெட்டி ஏற்றும் லாரியைப் பாருங்கள். தார்ப்பாயை இழுத்து, கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் போட்டு, காலை முட்டுக்கொடுத்து இறுக்குவார்கள். ஒரு பெட்டி அசையாது. லேசான சரக்குக்கு அவ்வளவு கட்டு. பல டன் இரும்புக்கு ஒரு கயிறுகூட இல்லை. கண்மாய்க் கரையில் வண்டி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு டிரைவரிடம் இதைக் கேட்டேன். "அண்ணே, இவ்வளவு வெயிட்டு, அது எங்கண்ணே போயிறப் போகுது?" என்றார்.

எல்லாத் தப்பும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். லாரி வேகமாகப் பிரேக் அடித்தால் சரக்கு முன்னால் பாயும். எடையில் 80 சதவீத விசையை முன்பக்கமும், 50 சதவீதத்தைப் பக்கவாட்டிலும் பின்பக்கமும் தாங்கும்படி கட்ட வேண்டும் என்பது ஐரோப்பியத் தரநிலை. அமெரிக்க விதியும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. 20 டன் செயின் வண்டி ஒன்று டிரெய்லரில் நிற்கிறது என்று வையுங்கள். முன்னால் தள்ளும் விசை 16 டன். இரும்புச் செயின் இரும்புத் தளத்தில் நிற்கும்போது உராய்வு தாராளமாக 0.2 என்றாலும் 4 டன்தான் பிடிக்கும். சேறும் கிரீஸும் இருந்தால் அதுவும் இல்லை. மீதி 12 டன்னைச் சங்கிலிதான் பிடிக்கணும். எடை கூடக்கூட உராய்வும் கூடும், வாஸ்தவம். தள்ளும் விசையும் அதே அளவில் கூடுகிறதே!

அமெரிக்காவில் சுமார் 4.5 டன்னுக்கு மேற்பட்ட எந்திரம் என்றால் குறைந்தது நான்கு கட்டு. பூம், பக்கெட் போன்றவற்றை முழுக்க இறக்கி வைத்து, அவற்றையும் வண்டியோடு சேர்த்துக் கட்டணும். நம்மூரில் தெருவுக்குத் தெரு நிற்கும் ஜேசிபி ஏழரை டன் பக்கம் வரும்.

டிப்பருக்கு முன்சுவர் இருக்கிறதே என்பார்கள். முன்னால் போகாமல் தடுக்கும், சரி. வளைவில் மேல்பாகம் சுழன்றால்? பூம் மின்கம்பியைத் தொட்டால்? ஏற்றும்போதே லாரியின் ஹேண்ட் பிரேக் பிடிக்காமல் அரையடி நகர்ந்தால்? வண்டி சாய்ந்தால் வெளியே குதிக்கத்தான் எவனுக்கும் தோன்றும். குதிக்கும் பக்கமே அது விழுந்து நசுக்கிவிடும். பெல்ட் போட்டு உள்ளேயே இருக்கணும் என்பதுதான் பாடம். அந்த டீக்கடை வீடியோவில் ஆபரேட்டர் பெல்ட் போட்டிருக்கவில்லை. ஹெல்பர் பையன் லாரியை ஒட்டி நின்று கை காட்டிக்கொண்டிருந்தான். கைதட்டுகிறவர் யாரும் அவனைப் பார்ப்பதில்லை.

சட்டத்தையும் சொல்லணும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்குத் தலா 2,000 ரூபாய், சரக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். எடைக்கு மேடை இருக்கிறது, நீளத்துக்கு டேப் இருக்கிறது. கட்டு இறுக்கமா என்று சங்கிலியை இழுத்துப் பார்க்கும் அதிகாரியை நான் இதுவரை பார்த்ததில்லை.

இதில் பணமும் இருக்கிறது. தாழ்வான டிரெய்லரைக் கூப்பிட்டால் தனி வாடகை. வண்டிக்கு மணிக்கணக்கில் வாடகை வாங்கும் முதலாளிக்குச் சாலையில் போகும் நேரம் நஷ்டக் கணக்கு. "டிப்பர்லயே ஏத்திக் கொண்டாந்துரு" என்று போனில் சொல்வது அவர், ஏற்றுவது சம்பளக்காரர். அந்த வீடியோ 'திறமை' என்று காட்டுவதில் பாதி, மிச்சம்பிடித்த வாடகை.

எங்கள் பகுதிக்கு இது புரியாத விஷயம் இல்லை. பட்டாசு அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மீறினால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறோம். அங்கே 'பழகிய கை, ஒண்ணும் ஆகாது' என்று ஒருவர் சொன்னால் நமக்குப் பகீர் என்கிறது. அதே வார்த்தையைச் செயின் வண்டிக்குச் சொன்னால் லைக் போடுகிறோம்.

வீடியோ எடுக்கும் தம்பிகளுக்கு ஒரே வேண்டுகோள். வண்டி உள்ளே போனதும் நிறுத்தாதீர்கள். இன்னும் ஐந்து நிமிடம் ஓடட்டும். நாலு மூலையிலும் சங்கிலி விழுவதையும், பத்து கிலோமீட்டர் போனதும் லாரியை ஓரங்கட்டி அதை மறுபடி இறுக்குவதையும் காட்டுங்கள். பாட்டு எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், நான் பார்க்கிறேன்.