போதலேயரின் 'ஏழைகளின் கண்கள்': இரக்கமும் இடிபாடும்

பிரெஞ்சுக் கவிஞர் சார்ள் போதலேயர் (1821–1867) எழுதிய வசன கவிதைகளுள் 'ஏழைகளின் கண்கள்' ஒன்றாகும். 1864 இல் சஞ்சிகையில் வெளிவந்த இச்சிறு படைப்பு, கவிஞரின் மறைவுக்குப் பின்னர் 1869 இல் தொகுப்பொன்றில் இடம்பெற்றது. செல்வர் உண்டு களிக்கும் இடத்தின்முன் வறியவர் நின்று பார்ப்பதே இதன் பொருள். இதனை ஏழைகள்பால் இரக்கங் கொண்ட படைப்பெனப் போற்றலாம். வசதி படைத்தோரின் பயனற்ற மனவுறுத்தலென ஒதுக்கவும் செய்யலாம். எனினும் இவ்விரு முடிவுகளும் கதைசொல்லியின் உணர்ச்சியையே படைப்பின் நோக்காகக் கொண்டுவிடுகின்றன. கதைசொல்லி உணராத ஒன்றையும் படைப்புக் காட்டி நிற்கின்றது என்பதே ஈண்டு நிறுவப்படுவது.

நிகழ்ச்சி மிக எளியது. புதிய பெருந்தெரு ஒன்றின் மூலையில் புதிதாகத் திறக்கப்பட்ட கபே ஒன்றின் முன்னால் ஓர் ஆடவனும் அவன் காதலியும் மாலை வேளையில் அமர்கின்றனர். தெருவில் இடிபாடுகள் இன்னும் அகற்றப்படவில்லை. கபேயின் உள்ளேயோ வாயுவிளக்கின் ஒளி, ஆடிகள், பொன் வேலைப்பாடுகள், பழங்களையும் வேட்டையிறைச்சியையும் ஏந்திய தேவமகளிரின் ஓவியங்கள். வரலாறும் புராணமும் பெருந்தீனியின் ஏவலாட்களாக அங்கு நிறுத்தப்பட்டுள்ளன. அவ்வேளையில் நாற்பது வயது மதிக்கத்தக்க, களைத்த முகமுடைய ஒருவன் கந்தலாடையுடன் எதிரே வந்து நிற்கிறான். ஒரு சிறுவன் அவன் கையைப் பற்றியிருக்க, நடக்கவியலாத சிறு குழந்தையொன்று மற்றக் கையில் இருக்கின்றது. மூவரும் அவ்வொளியை உற்று நோக்குகின்றனர். ஆடவன் தன் முன்னுள்ள கிண்ணங்கள் தன் தாகத்திலும் பெரியனவாயிருத்தலை எண்ணி நாணுகிறான். அதே எண்ணத்தைத் தேடிக் காதலியின் கண்களை நோக்குகிறான். அவளோ, அம்மனிதரைச் சகிக்க முடியவில்லை என்றும், அவர்களை அப்புறப்படுத்துமாறு கபேயின் உரிமையாளரிடம் கூறலாகாதா என்றும் கேட்கிறாள். அன்று அவளை அவன் வெறுத்தமைக்குக் காரணம் இதுவே.

இந்நிகழ்ச்சியின் களம் தற்செயலானதன்று. மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியில், 1853 முதல் 1870 வரை சேன் மாவட்டத்தின் ஆளுநராயிருந்த ஒஸ்மான், பாரிஸ் நகரின் பழைய குடியிருப்புகளை ஊடறுத்துப் பெருந்தெருக்களை அமைத்தார். காற்றும் வெளிச்சமும் வந்தன. கழிவுநீர் வாய்க்கால்கள் அமைந்தன. படைகள் விரைந்து செல்லவும் வழி பிறந்தது. கூடவே வாடகை உயர்ந்தது. உழைப்பாளர் பலர் நகரின் விளிம்புகளுக்குத் தள்ளப்பட்டனர். 1872 இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதிய ஏங்கெல்ஸ், ஒஸ்மானின் பெயரையே ஒரு பொது முறைக்குச் சூட்டினார். வறியோரின் சேரி ஓரிடத்தில் மறைகிறது; உடனே வேறோரிடத்தில் தோன்றுகிறது; அதனைத் தோற்றுவிக்கும் காரணமோ தீண்டப்படுவதில்லை என்பது அவர் கருத்து. ஆகவே கபேயின் ஒளியும் தெருவின் இடிபாடும் ஒரே செயலின் இரு விளைவுகளாகும்.

இப்பின்னணியில் கவிதையின் உணர்ச்சிகளைத் தமிழ்ப் பொருளிலக்கண மரபின் துணைகொண்டு நோக்குதல் பயன் தரும். தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் மருட்கை, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பவற்றின் வழிப் பிறப்பது. ஏழைகள் மூவரின் கண்களிலும் நிறைந்திருப்பது இம்மருட்கையே. தந்தையின் கண்கள் அழகை வியக்கின்றன. சிறுவனின் கண்கள் தம் போன்றோர் அங்கு நுழைய இயலாது என அறிந்தும் வியக்கின்றன. குழந்தையின் கண்களில் வெறும் களிப்பன்றி வேறில்லை. கதைசொல்லியிடம் தோன்றுவது தன்மீதான இளிவரல். வெகுளி தோன்றுவதோ மேசையின் முன் அமர்ந்திருப்போரிடம் மட்டுமே: அவளுக்கு ஏழைகள்மீது, அவனுக்கு அவள்மீது. வெகுள்வதற்கு நியாயமுடைய மூவரிடம் அதன் சாயல்தானும் இல்லை.

இவ்வின்மை எவ்வாறு நேர்ந்தது? ஏழைகள் கவிதையில் ஒரு சொல்லும் பேசவில்லை. அவர்தம் கண்களைப் 'படித்து' அவற்றுக்குச் சொற்களை வழங்குபவன் கதைசொல்லியே. தன் நாணத்துக்கு இசைந்த ஏழைகளையே அவன் படிக்கிறான். காதலியின் எண்ணத்தைப் படிக்கத் தவறியவன், அயலாரின் உள்ளத்தைப் பிழையறப் படித்தான் என நம்புவதற்கு ஆதாரம் யாது? மேலும், நாணியவன் இருக்கையை விட்டு எழவில்லை. எதனையும் வினவவும் இல்லை. சமூக முரண்பாடு காதலர் பிணக்காகச் சுருங்கிவிடுகிறது. மார்ஷல் பெர்மன் 1982 இல் வெளியிட்ட நூலில் இப்பிணக்கையே அரசியற் பிளவாக விளக்கினார். அவனது இரக்கமும் அவளது கடுமையும் நவீன நகரம் தோற்றுவித்த இருவேறு நிலைப்பாடுகள் என்பது அவ்விளக்கம். அது ஏற்புடையதே. ஆயினும் அவ்விரு நிலைப்பாடுகளும் ஒரே மேசையிலிருந்து பிறப்பவை என்பதையும் சேர்த்துக் கூறல் வேண்டும்.

கதைசொல்லியினின்றும் படைப்பு வேறுபடும் இடம் இடிபாடே. அவன் அதனைப் போகிற போக்கில் குறிப்பிட்டு மறந்துவிடுகிறான். வாசகன் மறத்தலாகாது. எதிரே நிற்பவன் அவ்விடத்தில் வாழ்ந்து வீடிழந்தவனா? அதனை இடித்த கூலியாளா? ஒளிமிகு சுவரை எழுப்பியவனா? கவிதை விடை கூறவில்லை. வினாவுக்கான சான்றை மட்டும் மேசையருகே விட்டுச் செல்கிறது. இரக்கம் கேட்க மறந்த வினாவை இடிபாடு கேட்கின்றது.

அவ்வினா பழைமையடையவில்லை என்பதற்குக் கனடாவின் வன்கூவர் நகரம் சான்று. அங்குள்ள டவுன்டவுன் ஈஸ்ட்சைட், வறுமையும் வீடின்மையும் போதைப்பொருட் பாதிப்பும் மலிந்த பகுதி. சிறு தனியறை விடுதிகளே பலருக்குக் கடைசிப் புகலிடம். அங்கு, வறியோர் கூடும் பிஜன் பூங்காவின் எதிரே 2013 இல் 'பிட்ஜின்' என்னும் உயர்தர உணவகம் திறக்கப்பட்டது. அதன் வாசலில் மறியல் மாதக்கணக்கில் நீடித்தது. அயலவர்க்கு வேலை கிடைக்கும் என்றது ஒரு தரப்பு. வாடகை ஏறும், இருப்போர் வெளியேற நேரும் என்றது மறுதரப்பு. ஓர் உணவகம் தனித்து ஒரு பகுதியின் விதியை மாற்றிவிடாது என்பதும் உண்மையே. ஆயினும் போதலேயரின் கவிதையில் இல்லாத ஒன்று அங்கு நிகழ்ந்தது. எதிரே நின்றவர்கள் தம் கண்களைப் பிறர் படிக்கும்வரை காத்திராது, தாமே பேசினர். தொல்காப்பியர் வெகுளிக்குக் கூறிய நான்கு காரணங்களுள் குடிகோள் ஒன்று. சுற்றத்துக்கும் குடிக்கும் கேடு சூழ்தலென உரையாசிரியர் அதனை விளக்குவர். குடியிருப்பை இழக்கும் அச்சத்திற் பிறந்த அக்குரலுக்கு இதனினும் பொருத்தமான பெயர் அரிது.

உணவகமொன்றை மதிப்பிடுவோர் சுவை, உபசரிப்பு, விலை ஆகியவற்றை ஆராய்தல் முறையே. ஆனால் அயலின் வறுமையை உணவுக்குச் சுவையூட்டும் காட்சியாக வருணிக்கும் எழுத்து, காதலியின் கடுமையைக் காட்டிலும் நாகரிகமானதேயன்றி நேர்மையானதன்று. நாணமும் தன்னளவில் விமர்சனமாகிவிடாது. அவ்விடத்தில் முன்னர் வாழ்ந்தோர் யாவர், சமைப்போரும் கோப்பை கழுவுவோரும் எங்கு உறங்குகின்றனர், அடுத்த ஆண்டின் வாடகையை எவர் செலுத்த வல்லார் என்பனவும் உணவின் விலையைச் சார்ந்த வினாக்களே. போதலேயரின் கதைசொல்லி இவற்றைக் கேட்கவில்லை. கேட்பதற்கான இடிபாட்டைப் போதலேயர் அகற்றாது விட்டமையே அப்படைப்பின் பெருமை.