கண்ணுக்கும் அறிவுக்கும் இடையே: கிதாபுல் மனாஸிர் குறித்துச் சில எண்ணங்கள்

இஸ்லாமிய அறிவியல் மரபு பேசப்படும் மேடைகளில் இப்னுல் ஹைதமின் பெயர் தவறாமல் ஒலிக்கிறது. ஆனால் அவரது கிதாபுல் மனாஸிர் எதை நிறுவுகிறது என்பதை நாம் அரிதாகவே ஆராய்கிறோம். புகழ்ச்சி வாசிப்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பஸ்ராவில் ஹிஜ்ரி 354இல் (கி.பி. 965) பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த அவ்வறிஞர், இந்நூலை ஏழு பகுதிகளாக அமைத்தார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் காட்சி பிறக்கிறது என்ற கிரேக்கக் கணித அறிஞர்களின் கொள்கையை அவர் மறுத்தது பலரும் அறிந்ததே. அதனினும் ஆழமானது இரண்டாம் பகுதி. கண்ணால் அறியப்படும் பண்புகளை அங்கு 22 என வகுக்கிறார். ஒளியும் நிறமும் மட்டுமே வெறும் புலனுணர்வுக்கு உரியவை. வடிவம், அளவு, தொலைவு, ஒப்புமை முதலியன, புலன் பெற்றதை அறிவு பிரித்தும் ஒப்பிட்டும் துணிவதால் விளங்குகின்றன. இத்துணிபு விரைந்து நிகழ்வதால் அது நிகழ்ந்ததையே நாம் உணர்வதில்லை. எழுத்தறிந்தவர் 'அப்ஜத்' என்னும் சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டாமல் கண்டவுடன் அறிவதை அவரே சான்றாகக் காட்டுகிறார்.

1959இல் டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் ஆகிய இருவரும் பூனையின் மூளைப் புறணியில் குறிப்பிட்ட சாய்வுடைய கோடுகளுக்கும் விளிம்புகளுக்கும் கிளர்ச்சியுறும் நரம்பணுக்களைக் கண்டறிந்து வெளியிட்டனர். 1981இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். வடிவம் மூளையில் படிப்படியாகக் கட்டப்படுகிறது என்ற இன்றைய கருத்துக்கு அது அடித்தளமாயிற்று.

இதைக் கேட்டதும், "எல்லாம் நம்மவர் முன்பே சொன்னதுதான்" என்று முடித்துவிடத் தோன்றும். அம்முடிவை நாம் ஏற்பதற்கில்லை. கண்ணின் பளிங்குப் பகுதியே ஒளியை உணர்கிறது என்றும், காட்சி வடிவம் உட்புழையுள்ள நரம்பின் வழியே மூளையை அடைகிறது என்றும் அவர் கருதினார். விழித்திரையில் உரு விழுவதைக் கெப்ளர் 1604இல்தான் விளக்கினார். மேலும், இப்னுல் ஹைதம் கூறியது அறிவாற்றலின் துணிபு. ஹூபெலும் வீசலும் கண்டது எந்தத் துணிபுக்கும் முன்னரே நரம்பணுக்களின் இணைப்பில் அமைந்துள்ள பிரித்தறிதல். இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுமே விளங்காமற்போகும்.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. இஸ்ஃபஹானில் 1453இல் எழுந்த தர்பே இமாம் கட்டடத்தின் பின்னல் வடிவங்களை, உருவம் தீட்டத் தடையிருந்ததால் வெற்றிடத்தை நிரப்பிய அலங்காரம் என ஒதுக்குவோர் உளர். அக்கைவினைஞர்கள் மனாஸிரைப் பயின்றனர் எனச் சொல்ல நாம் துணியவில்லை. ஆயினும் முதற்பார்வையில் அறிவது வேறு, நின்று ஆய்ந்து அறிவது வேறு என்றும், அழகு பெரிதும் உறுப்புகளின் இசைவில் பிறக்கிறது என்றும் அந்நூல் காட்டிய வழியில் அச்சுவரை நோக்கினால், கண்ணைச் சிந்தனைக்கு அழைக்கும் கலையாக அது விளங்குகிறது.

தாலமியின் நூல்களையே ஐயங்களோடு அணுகி, அவ்வையங்களைத் தனி நூலாகவும் எழுதியவர் இப்னுல் ஹைதம். அவரையும் அவ்வாறே பயில்வதுதான் நாம் அவருக்குச் செலுத்தும் உண்மையான மரியாதை.