பள்ளி நிருபரின் கையில் கேனான் ரெபல் டி7

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் இதழியலும் ஒரு பாடம். பள்ளிச் செய்தித்தாளையும் ஆண்டு மலரையும் மாணவர்களே எழுதி, படமெடுத்து, பக்கம் கட்டி வெளியிடுகிறார்கள். பட்ஜெட் குறைந்த அப்படிப்பட்ட வகுப்புகளுக்குப் பொருத்தமான கேமராக்களில் ஒன்று கேனான் ஈஓஎஸ் ரெபல் டி7. 2018-இல் வெளிவந்த இந்த டிஎஸ்எல்ஆர்தான் இந்தியாவில் 1500டி என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 24.1 மெகாபிக்சல், பேட்டரியோடு சேர்த்து அரை கிலோவுக்கும் குறைவான எடை. பெட்டியின் மேல் அச்சிட்ட விவரங்களெல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. பள்ளி நிருபருக்கு இது உதவுமா என்பது கூடைப்பந்து அரங்கத்துக்குள் போனால்தான் தெரியும்.

பள்ளி அரங்க விளக்குகள் ஆடுவதற்குப் போதும், படமெடுக்கப் போதாது. கேமராவோடு வரும் 18-55 மிமீ லென்ஸை 55-க்குத் திருப்பினால் அதன் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. பந்தோடு பாய்கிற பெண்ணைத் தெளிவாகப் பிடிக்க ஷட்டர் நொடியில் 500-இல் ஒரு பங்கு வேகத்தில் இயங்க வேண்டும். அந்த வேகத்தில் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 6400 வரை ஏற்றினாலும் படம் மங்கலாகத்தான் வரும். ஷட்டரைத் தாழ்த்தினாலோ முகம் கலங்கிவிடும். இந்த இடத்தில்தான் பல மாணவர்கள் தங்களுக்குப் படமெடுக்கவே வராது என்று முடிவுகட்டி விடுகிறார்கள். குறை அவர்களிடம் இல்லை, லென்ஸிடம் இருக்கிறது.

அதைக் கழற்றிவிட்டு 50 மிமீ எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸை மாட்டிப் பார்க்க வேண்டும். 160 கிராம்தான் எடை. கேனான் லென்ஸ்களில் விலை மிகக் குறைந்தவற்றில் ஒன்று. எஃப் 5.6-ஐவிட ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. அதே அரங்கம், அதே ஆட்டம். ஐஎஸ்ஓ 3200-ஐ ஒட்டியே வியர்வைத் துளி வரை தெரிகிற படம் கிடைத்துவிடும். டி7-இன் சென்சார் அளவுக்கு இது 80 மிமீ லென்ஸ் போலப் பார்க்கும் என்பதால், கூடைக்குப் பக்கவாட்டில் எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தால் சட்டகம் கச்சிதமாக நிறையும். ஜூம் கிடையாது, மைதானத்தின் மறுகோடியில் நடப்பதைக் கைவிட வேண்டியதுதான்.

ஃபோகஸ் புள்ளிகள் 9 மட்டுமே. மங்கிய வெளிச்சத்தில் நடுப்புள்ளி ஒன்றை நம்பலாம், ஓரத்துப் புள்ளிகள் தடுமாறும். தொடர்ந்து எடுத்தால் நொடிக்கு 3 படம். விலை கூடிய கேமராக்களைப் போல அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிறகு நல்லதைப் பொறுக்கலாம் என்ற எண்ணம் இங்கே பலிக்காது. எந்த ஆட்டக்காரர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று முதல் கால்மணி நேரம் கேமராவைத் தொடாமல் கவனித்த மாணவருக்கு இந்த 3 படமே போதும். ஆட்டம் தொடங்கும் முன் அணிப் பட்டியலை ஒரு படமும், ஒவ்வொரு முக்கிய நிகழ்வுக்குப் பின் ஸ்கோர் பலகையை ஒரு படமும் எடுத்து வைப்பது விளையாட்டுப் புகைப்படக்காரர்களின் பழைய பழக்கம். படக்குறிப்பில் பெயரும் நேரமும் தவறாமல் இருக்க அதைவிட எளிய வழி கிடையாது.

வாங்குமுன் கவனிக்க வேண்டிய ஒன்று: ஃபிளாஷ் மாட்டும் இடத்தின் நடுவில் வழக்கமாக இருக்கும் தொடுமுனையை இந்த மாடலில் கேனான் நீக்கிவிட்டது. பள்ளி அலமாரியில் கிடக்கும் பழைய பொது ஃபிளாஷ்கள் இதில் எரியாது.

வீடியோவுக்கு டி7 வேண்டாம். முழு எச்டிக்கு மேல் போகாது என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். வெளி மைக் செருகத் துளையே இல்லை என்பதைப் பேட்டி எடுக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள முடியாது. அந்த வேலையைச் சட்டைப் பையிலுள்ள செல்பேசிக்கும் சட்டைக் காலரில் குத்தும் சிறு மைக்குக்கும் விட்டுவிடலாம். செல்பேசிதானே என்று யாரும் தாழ்வாக நினைக்கத் தேவையில்லை. 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டதைச் செல்பேசியில் பதிவு செய்த டார்னெல்லா ஃப்ரேசியருக்கு அப்போது வயது 17. உடல்நலப் பாதிப்பால் ஒருவர் இறந்தார் என்ற தொனியில்தான் காவல்துறையின் முதல் அறிக்கை இருந்தது. அந்த மாணவியின் கை நடுங்காத பதிவு அதைப் பொய்யாக்கியது. மறு ஆண்டு புலிட்சர் குழு அவருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது.

படங்களைத் திருத்தக் கூகுளின் ஸ்னாப்சீட் போதுமானது. இலவசம், விளம்பரம் இல்லை. வெளிச்சம், வெள்ளைச் சமநிலை, வெட்டுதல் மூன்றும் விரல் நகர்த்தலில் முடிகின்றன. செய்த திருத்தங்கள் வரிசையாகப் பட்டியலில் நிற்பதால், பின்னோக்கிப் போய் எது எங்கே மாறியது என்று ஆசிரியர் பார்க்கலாம். வகுப்பறைக்கு இதைவிடப் பயனுள்ள வசதி இந்தச் செயலியில் வேறில்லை.

இதே செயலியில் செய்திக்கு ஆகாத கருவிகளும் இருக்கின்றன. ஹீலிங் கருவியைத் தேய்த்தால் படத்தின் மூலையில் கிடக்கும் பை மறைந்துவிடும். ஹெட் போஸ் கருவி முகத்தையே திருப்பித் தரும். சிரியப் போரில் எடுத்த ஒரு படத்தின் மூலையில் தெரிந்த சக செய்தியாளரின் வீடியோ கேமராவை அழித்ததற்காக, புலிட்சர் பெற்ற குழுவில் இருந்த நார்சிசோ கான்ட்ரேராஸுடனான தொடர்பை அசோசியேட்டட் பிரஸ் 2014-இல் துண்டித்தது. செய்தியின் பொருளை அந்தக் கேமரா சிறிதும் மாற்றவில்லை. ஆனாலும் நிறுவனம் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த இரண்டு கருவிகளையும் பள்ளிப் பத்திரிகைக்குள் தொடக்கூடாது என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

டி7-இல் ஜிபிஎஸ் கிடையாது; பதின்வயதினரைப் படமெடுக்கும் இடத்தில் அது நல்லதே. செல்பேசியில் எடுத்தால் இருப்பிடப் பதிவை அமைப்புகளில் அணைத்துவிட வேண்டும். வைஃபை வழியே கேனான் செயலிக்கு ஓரிரு படங்களை அனுப்புவது எளிது. முழு ஆட்டத்தின் படங்களுக்கு மெமரி கார்டைக் கணினியில் செருகுவதே விரைவு.

கையில் கொஞ்சம் கூடுதல் பணம் இருக்கும் பள்ளி, 2023-இல் வந்த கேனான் ஆர்100-ஐயும் பார்க்கலாம். எடை குறைவு, முகத்தைத் தானே கண்டுபிடித்துத் தொடர்கிறது, மைக் துளையும் உண்டு. டிஎஸ்எல்ஆருக்கான பழைய ஈஎஃப் லென்ஸ்களை மாட்ட மட்டும் தனியாக ஒரு அடாப்டர் வாங்க வேண்டும். அலமாரியில் ஏற்கெனவே ஏதாவதொரு கேனான் டிஎஸ்எல்ஆர் இருக்கிறதென்றால் புதிய கேமராவே தேவையில்லை. அந்தப் பணத்தில் மாணவர் இருவருக்கு ஒன்றாக 50 மிமீ லென்ஸ்களை வாங்கித் தரலாம்.