சுவரும் களமும்

கலை மக்களைச் சேர்த்துவைக்கும், பொது இடம் சமூகத்தை வளர்க்கும் என்று மேடையில் யார் பேசினாலும் கைதட்டல் விழும். எதிர்த்துப் பேச ஆள் இல்லாத கூற்று என்பதாலேயே அதைக் கொஞ்சம் உரசிப் பார்க்கத் தோன்றுகிறது. எந்தக் கலை, யாருடைய இடம், சேர்ந்தவர்கள் யார், வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார் என்று கேட்கத் தொடங்கியதும் அந்தக் கைதட்டல் தேய்ந்துவிடும். உரசிப் பார்க்க நமக்கு இரண்டு இடங்கள் கைவசம் இருக்கின்றன. ஒன்று, பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய கண்ணகி நகர். இன்னொன்று, செஞ்சி, செய்யாறு, விழுப்புரம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில் திடல்கள்.

கண்ணகி நகர் தானாக உருவான ஊர் இல்லை. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களைப் பெயர்த்துவந்து, துரைப்பாக்கத்தில் குடிசை மாற்று வாரியம் 2000-ஆம் ஆண்டு முதல் கட்டிக் குடியேற்றிய இடம். 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பழைய இடத்தில் இருந்த வேலை, பள்ளிக்கூடம், மார்க்கெட், கடன் கொடுக்கும் அண்ணாச்சி கடை எல்லாம் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் பின்னால் நின்றுவிட்டன. கூடவே ஒரு கெட்ட பெயரும் ஒட்டிக்கொண்டது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரியை மாற்றிச் சொல்லும் பிள்ளைகள் அங்கே அதிகம். 2020 தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏசியன் பெயிண்ட்ஸ் நிறுவனமும் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து அந்தக் கட்டடங்களில் பிரம்மாண்டமான ஓவியங்களை வரைந்தன. உள்ளூர் ஓவியர்களோடு வெளிநாட்டவரும் வந்தார்கள். சென்னையின் முதல் கலை வட்டாரம் என்று பெயர் சூட்டினார்கள். செய்தித்தாள்களில் கண்ணகி நகர் குற்றச் செய்தி இல்லாத பக்கத்திலும் வந்தது.

இதை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. அழகு வசதி உள்ளவர்களுக்கு மட்டுமே உரியது, ஏழைக்கு முதலில் குடிநீர்தான் வேண்டும் என்று சொல்பவர்கள், ஏழைக்குக் கண் இருப்பதை மறந்தவர்கள். நான்கு மாடி உயரத்துக்குச் சிரிக்கும் ஒரு முகம், அதன் கீழே தினமும் குடத்தோடு நடப்பவருக்கு ஏதோ ஒன்றைச் செய்யத்தான் செய்யும். செல்பி எடுக்க வெளியாட்கள் வந்தார்கள். ‘அந்தப் படம் போட்ட பிளாக்’ என்று வழி சொல்ல முடிந்தது. ஒரே அச்சில் வார்த்த கட்டடங்களுக்கு நடுவே அதுவும் ஒரு லாபம்தான்.

ஆனாலும் அந்தச் சுவர்களைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஓவியங்களுக்குத் தோதாக அமைந்தவை கட்டடத்தின் பக்கவாட்டுச் சுவர்கள், அதாவது ஜன்னல் இல்லாத, ரோட்டைப் பார்த்த சுவர்கள். வீட்டுக்குள் இருப்பவருக்குத் தன் சுவரில் இருக்கும் படம் தெரியாது. எதிர் பிளாக்காருக்கும் சாலையில் போகிறவருக்கும் தெரியும். உள்ளே ஒற்றை அறை, ஒழுகும் குழாய், அடைத்த சாக்கடை அப்படியே இருக்கின்றன. பார்க்கிறவரின் மனத்தில் கண்ணகி நகர் எப்படிப் பதிய வேண்டும் என்பதைத்தான் இந்தத் திட்டம் முதலில் யோசித்திருக்கிறது. அது விளம்பரத்தின் வேலை. அடையாளம் அப்படி உருவாவதில்லை.

பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014) ஒரு ஹவுசிங் போர்டு சுவரை வைத்தே முழுக் கதையையும் நடத்தியது. அந்தச் சுவரில் யார் படம் இருப்பது என்பதற்காகத் தலைகள் உருள்கின்றன. அது விரும்பத்தக்க நிலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தச் சுவர் தங்களுடையது என்று நினைப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். கண்ணகி நகர்ச் சுவரில் எதை வரையலாம், எதை வரையக் கூடாது என்று கடைசி வார்த்தை சொல்லும் உரிமை அங்கே குடியிருப்பவரிடம் இருந்ததா? நாளை அது வெளுத்துப் போனால் மறுபடி பூசவோ, அழித்துவிட்டு வேறு வரையவோ அவரால் முடியுமா? என் குறை ஓவியங்களின் தரத்தைப் பற்றியதல்ல. சில மிக நல்ல ஓவியங்கள்.

இனி தென்மேற்கே போவோம். பங்குனியிலிருந்து ஆடி வரை தொண்டை நாட்டு ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில்களை ஒட்டிப் பாரதம் என்ற திருவிழா நடக்கும். கொடியேற்றிக் காப்புக் கட்டியதும் தலைக்கட்டு வரி வசூலாகும். எந்த வீடு எவ்வளவு கொடுத்தது என்பது நோட்டில் ஏறும். பகலில் ஆர்மோனியத்தோடு பிரசங்கி வில்லிபாரதத்தையோ நல்லாப்பிள்ளை பாரதத்தையோ விரித்துச் சொல்வார். இரவு விடிய விடியக் கூத்து. சில ஊர்களில் பத்து இரவு, சில ஊர்களில் பதினெட்டு. பகாசூரன் வதத்தன்று பீமன் வேடக்காரர் சோறும் காயும் குவிந்த வண்டியில் தெருத்தெருவாக வருவார். வீட்டுக்கு வீடு சோறு கொடுத்தாக வேண்டும். அர்ச்சுனன் தபசில் நட்டுவைத்த பனைமரத்தின் உச்சிக்குப் பாடிக்கொண்டே ஏறும் கூத்தாடி மேலிருந்து எலுமிச்சம்பழம் வீசுவார். பிள்ளை வரம் கேட்டுக் கீழே பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். இங்கே பார்வையாளர் என்று தனியாக ஒருவர் இல்லை. வரி கொடுத்தவர், சோறு கொடுத்தவர், மடியேந்தியவர் எல்லோருமே கதைக்குள் இருக்கிறார்கள்.

கடைசி நாள் படுகளம். ஊருக்கு வெளியே வெட்டவெளியில் துரியோதனனை மண்ணால் மல்லாக்கப் படுக்கவைத்திருப்பார்கள். தலை மட்டுமே ஓர் ஆள் உயரம் இருக்கும். விழித்த கண், முறுக்கிய மீசை. தொடையில் ஓரிடத்தில் செந்நீரை மறைத்து வைத்திருப்பார்கள். பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடம்பைச் சுற்றி ஓடி, அதன் மேலேயே ஏறிச் சண்டையிட்டு, கடைசியில் தொடையைப் பிளந்ததும் திரௌபதி அந்தச் செந்நீரைத் தொட்டுத் தன் விரித்த கூந்தலில் தடவி முடிப்பாள். அந்த நேரத்தில் வேடம் போட்டவருக்கும் சாமிக்கும் வேறுபாடு பார்ப்பவர் யாருமில்லை. பிறகு துரியோதனன் மனைவி பெருந்திருவாள் முறமும் துடைப்பமுமாக ஒப்பாரி வைக்க, கூட்டம் அழுகையும் சிரிப்புமாகக் கலங்கிப் போகும். மண்ணைப் பிடிபிடியாக அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். மாலையில் தீமிதி. சில நாளில் மழைக்கும் மாட்டுக்கும் கரைந்து துரியோதனன் வெறும் மேடாகிவிடுவான். யாருக்கும் அதைப் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணமே வராது. அடுத்த முறை புதிதாகப் படுக்கவைக்கக் கை இருக்கிறது. சென்னையில் வேலைக்குப் போன பையன் லீவு போட்டு ஊருக்கு வருவது தீபாவளிக்கா பாரதத்துக்கா என்று கேட்டால், பல ஊர்களில் பாரதத்துக்குத்தான்.

ஆக, கலையும் பொது இடமும் ஒரு சமூகத்தை எப்படிக் கட்டும் என்பதற்கு இதைவிடப் பலமான சாட்சி கிடைக்காது என்று இங்கேயே தீர்ப்பு எழுதிவிடலாம். நாட்டார் கலையைப் போற்றும் பலர் அப்படித்தான் எழுதிவிட்டுப் பேனாவை மூடுகிறார்கள். எனக்கு அது முடியவில்லை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் இருப்பதும் திரௌபதி அம்மன் கோயில்தான். 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது உள்ளே போன தலித் இளைஞர் தாக்கப்பட்டார். ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மார்ச்சில் பூசைக்கு மட்டும் திறந்து, 2025 ஏப்ரலில்தான் எல்லாருக்குமாகத் திறந்தது. தலித் மக்கள் போலீஸ் காவலோடு உள்ளே போய்க் கும்பிட்டார்கள்.

இதை விதிவிலக்கு என்று தள்ளிவிட முடியாது. தலைக்கட்டு வரி நோட்டில் யார் பெயர் ஏறும், யார் பெயர் ஏறாது என்பதிலேயே ஊர் எது, காலனி எது என்ற கோடு விழுந்துவிடுகிறது. பகாசூரன் வண்டி எந்தத் தெருவோடு திரும்புகிறது என்று பாருங்கள். சபையில் இழுக்கப்பட்ட பெண்ணுக்காகக் கண்ணீர் விடும் அதே கூட்டம், தன் சபைக்குள் ஒருவன் கால் வைத்ததற்காகக் கை ஓங்குகிறது. கூத்து அந்தச் சமூகத்தை உண்மையிலேயே பலப்படுத்தியது. அதன் சாதியையும் சேர்த்தே பலப்படுத்தியது.

இந்த இரண்டுக்கும் நடுவில் வைத்துப் பார்க்க வேண்டியது ஊரூர் ஆல்காட் குப்பம் விழா. 2015-இல் பெசன்ட் நகர் மீனவக் குப்பத்தில் டி.எம். கிருஷ்ணாவும் நித்தியானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களோடு தொடங்கியது. சபாவிலிருந்து கர்நாடக இசை கடற்கரைக்கு வந்தது. பறையும் அதே விழாவில் ஒலித்தது. குப்பத்து மக்களுக்கு எதற்கு இந்தச் சங்கீதம் என்ற கேலியும் எழுந்தது. கேலி செய்தவர்கள் விஷயத்தின் மறுபக்கத்தைப் பார்க்கவில்லை. பல ஆண்டுகளாகப் பக்கத்திலேயே குடியிருந்தும் குப்பத்துக்குள் கால் வைக்காத பெசன்ட் நகர்க்காரர்களுக்கு அந்த மணலில் உட்கார வேண்டி வந்தது. அந்த விழாவின் பெரிய பயன் அதுதான் என்பேன். ஆனால் எத்தனை மீனவர்கள் அடுத்த டிசம்பரில் ஏதோ ஒரு சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள் என்று கேட்டால் பதில் சங்கடமானது. ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு அது. திறக்காததைவிட மேல், அவ்வளவே.

என் தீர்ப்பு இது. கலை ஒரு சமூகத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் உறவைத்தான் அழுத்தமாக்குகிறது. அந்த உறவு சமமானதாக இருந்தால் சமம் அழுத்தமாகும், ஏற்றத்தாழ்வாக இருந்தால் அதுவே அழுத்தமாகும். உறவை மாற்றும் சக்தி இடத்துக்குத்தான் அதிகம், அதுவும் யார் நுழையலாம், யார் முடிவெடுக்கலாம், யார் செலவைச் சுமக்கிறார்கள் என்ற மூன்றுக்கும் ஒரே பதில் கிடைக்கும் இடத்துக்கு. கண்ணகி நகர்ச் சுவர்களில் நுழைவு இருக்கிறது, முடிவும் சுமையும் குடியிருப்பவரிடம் இல்லை. பாரதத் திடலில் முடிவும் சுமையும் ஊரிடம் இருக்கின்றன, நுழைவு பாதிப் பேருக்கு இல்லை. இரண்டில் எது சீக்கிரம் சரியாகும் என்று கேட்டால், தயக்கத்தோடு கண்ணகி நகரைச் சொல்வேன். வெளுத்த சுவரை அங்கே குடியிருப்பவர் கையில் கொடுத்துவிடலாம். மேல்பாதிக்கு நீதிமன்றமும் போலீஸும் இரண்டு ஆண்டும் தேவைப்பட்டன.

அப்படிச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியின் துணைத் தலைவி கார்த்திகா, கண்ணகி நகர்ப் பெண். அவரை நாடு அறிந்ததே ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றுதான். மறைத்துச் சொல்லும் முகவரியாக இருந்தது ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னொட்டாகி நின்றது. அதைச் செய்தது ஓவியம் அல்ல, கபடிக் கோடு போட்ட கொஞ்சம் தரை. அடுத்து ஒரு நிறுவனம் பெயிண்ட் டப்பாக்களோடு அங்கே வந்தால், மாநகராட்சி முதலில் கேட்க வேண்டியது விளக்குக் கம்பம். இருட்டிய பிறகும் பெண்பிள்ளைகள் பயிற்சி எடுக்க வெளிச்சமும், களத்துப் பூட்டின் சாவி அங்கேயே குடியிருக்கும் ஒருவரிடம் இருக்கும் ஏற்பாடும், உடை மாற்ற ஓர் அறையும். மிச்சப் பணத்தோடு சுவருக்கு வரட்டும், எதை வரைவது என்று அந்தப் பெண்களே சொல்லட்டும்.