முடிச்சுகளும் ஊகங்களும்: 'டாக்டர் ஹூ' நேயர்களின் வாசிப்பு

2010 மே 1 அன்று பிபிசி ஒளிபரப்பிய 'ஃபிளெஷ் அண்ட் ஸ்டோன்' என்னும் கதைப்பகுதியில் கதைத்தலைவரான டாக்டர் தம் மேற்சட்டையை இழக்கிறார். கற்சிலை வடிவில் வரும் பகைவரின் பிடியிலிருந்து தப்ப அதைக் கழற்றிவிட்டு ஓடுகிறார். சற்றுப் பின்னர், கண்களை மூடியவாறு காட்டில் அமர்ந்திருக்கும் தோழி ஏமியிடம் விடைபெற்றுச் செல்கிறார். சென்றவர் உடனே திரும்பி வந்து, அவள் ஏழு வயதுச் சிறுமியாய் இருந்தபோது தாம் சொன்னதை நினைவில் கொள்ளும்படி இறைஞ்சுகிறார். அந்த ஒரு காட்சியில் மட்டும் மேற்சட்டை அவர் உடலில் இருக்கிறது. படப்பிடிப்பில் நேர்ந்த கவனப்பிழை என்று பலர் கடந்து சென்றனர். சிலர் கடக்கவில்லை. சட்டையோடு அவருடைய குரலும் மாறியிருப்பதைச் சுட்டிக்காட்டி, இங்கு வந்திருப்பவர் கதையின் பிற்பகுதியிலிருந்து திரும்பி வந்த டாக்டர் என்று வாதிட்டனர். எட்டு வாரங்கள் கழித்து, ஜூன் 26 அன்று வெளியான 'த பிக் பேங்' அவர்கள் கூற்றை மெய்ப்பித்தது. தம் வாழ்நாளின் வழியே பின்னோக்கிச் சரிந்து செல்லும் டாக்டர், போகும் வழியில் ஏமியிடம் நின்று பேசிய கணம் அது.

நேயர்களின் ஊகத்தை வேலையற்றோர் விளையாட்டென்று ஒதுக்குபவர்களுக்கு இந்தச் சட்டை ஒன்றே போதிய மறுப்பாகும். கண்ணுக்கு முன்னால் இருப்பதைக் கூர்ந்து நோக்கி, பிறர் பிழையெனத் தள்ளியதைப் பொருளுடையதெனக் கொண்டு, அதற்கொரு காரணம் தேடுவது திறனாய்வின் முதற்படியே. எனினும் எல்லா ஊகங்களும் இத்தரத்தன அல்ல. எது நல்ல ஊகம், எது கதையையே சிறுமைப்படுத்தும் ஊகம் என்பதைப் பிரித்தறியும் முயற்சி இக்கட்டுரை.

1963 நவம்பர் 23 அன்று தொடங்கி 1989 வரை நடந்து, 1996இல் ஒரு தொலைக்காட்சித் திரைப்படமாகத் தலைகாட்டி, 2005 மார்ச்சில் மீண்டும் உயிர்பெற்றது 'டாக்டர் ஹூ'. நீலநிறக் காவல் பெட்டியின் தோற்றங்கொண்ட டார்டிஸ் என்னும் ஊர்தியில் காலத்தையும் வெளியையும் கடந்து திரியும் ஒருவரின் கதை. மரணத்தின் விளிம்பில் அவர் உடல் மாறி வேறொருவராக எழுகிறார். நடிகர் மாறலாம், தொடர் நிற்க வேண்டியதில்லை. ஆசிரியர்களும் தயாரிப்பாளர்களும் அவ்வாறே மாறி வந்துள்ளனர். அறுபது ஆண்டுக் கதையை முழுவதுமாக மனத்தில் வைத்திருந்த ஆசிரியர் ஒருவரும் இலர். அந்த வெற்றிடத்தில்தான் நேயர்கள் குடியேறினார்கள்.

கதையை நடுவில் நிறுத்தி உயிரை நீட்டித்துக்கொண்ட ஷஹ்ரஜாதை அறிந்த நம் வாசகர்க்குத் தொடர்கதையின் உத்தி புதிதன்று. கேட்போர் தமக்குள் கூடி ஆராய்வதும், அதைக் கதைசொல்லி ஒட்டுக்கேட்பதும்தான் பிற்கால வரவு. இங்கிலாந்தில் அதற்கு நல்ல முன்வரலாறு உண்டு. 1870இல் டிக்கன்ஸ் இறந்தபோது 'எட்வின் ட்ரூடின் மர்மம்' பாதியில் நின்றது. ட்ரூட் கொல்லப்பட்டானா, கொன்றவன் யார் என்பது அவரோடு போயிற்று. 1914 ஜனவரியில் லண்டனில் அதற்கு ஒரு விளையாட்டு நீதிமன்றமே கூடியது. நீதிபதியாக செஸ்டர்டனும் நடுவர் குழுத் தலைவராக பெர்னார்ட் ஷாவும் அமர்ந்தனர். அதற்கு மூன்றாண்டுகள் முன்னர் ரொனால்ட் நாக்ஸ், விவிலிய ஆய்வாளரின் நடையைப் பகடி செய்து, ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளின் முரண்பாடுகளை ஆராயும் கட்டுரையொன்றை வாசித்தார். அவர் கேலியாகச் செய்ததைப் பின்வந்தோர் மெய்யாகவே செய்யத் தொடங்கினர். ஏற்கத்தக்க மூலம் எது, இடைச்செருகல் எது என்ற வழக்கு அன்றிலிருந்து கேளிக்கை இலக்கியத்துக்கும் வந்து சேர்ந்தது.

'டாக்டர் ஹூ' நேயரிடையே இவ்வழக்கு எப்படி நடந்தது என்பதற்கு 1976ஆம் ஆண்டே சான்று. அவ்வாண்டு ஜனவரியில் ஒளிபரப்பான 'த பிரெய்ன் ஆஃப் மார்பியஸ்' கதையில் டாக்டரும் மார்பியஸும் மனவலிமையால் மோதுகின்றனர். திரையில் டாக்டரின் முந்தைய முகங்கள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வருகின்றன. முதல் டாக்டரான வில்லியம் ஹார்ட்னெலின் முகத்துக்குப் பிறகும் நில்லாமல் அறிமுகமற்ற எட்டு முகங்கள் தோன்றுகின்றன. தயாரிப்பாளர் ஃபிலிப் ஹிஞ்ச்கிளிஃப், கதைத் தொகுப்பாளர் ராபர்ட் ஹோம்ஸ் முதலிய தயாரிப்புக் குழுவினரே வேடமணிந்து அம்முகங்களாக நின்றனர். ஹார்ட்னெலுக்கு முன்னரும் டாக்டர் வாழ்ந்திருக்கிறார் என்பதே தம் எண்ணம் என்று ஹிஞ்ச்கிளிஃப் பின்னாளில் கூறியதுண்டு. ஆனால் அவ்வாண்டு இறுதியில் அதே ஹோம்ஸ் எழுதிய 'த டெட்லி அசாசின்', டாக்டரின் இனத்தார் பன்னிரண்டு முறை மட்டுமே உடல் மாற முடியும், அதாவது பதின்மூன்று உடல்களே உண்டு, என்று விதித்துவிட்டது. கணக்கிட்டுப் பார்த்தால் அப்போது நடித்துக்கொண்டிருந்த டாம் பேக்கர், நான்காமவராக இன்றிப் பன்னிரண்டாமவராகிவிடுகிறார். எஞ்சுவது ஓர் உடல். பேக்கருக்குப் பின் மூவர் வந்துவிட்ட நிலையில் இது பொருந்தாதென்று கண்ட நேயர்கள், அவ்வெட்டு முகங்களும் மார்பியஸினுடையவை என்று தீர்ப்பளித்துக்கொண்டனர்.

இத்தீர்ப்பு எழுதியவரின் நோக்கத்துக்கு மாறானது. ஆயினும் கதையின் உள்ளொழுங்குக்கு இசைவானது. பன்னிரண்டு என்னும் எல்லை 2013 கிறிஸ்துமஸில் ஒளிபரப்பான 'த டைம் ஆஃப் த டாக்டர்' கதையில் புதிய உயிர்ச்சுற்று ஒன்றை வழங்கித் தாண்டப்பட்டது. 2020 மார்ச் 1 அன்றோ, கிறிஸ் சிப்னல் எழுதிய 'த டைம்லெஸ் சில்ட்ரன்' ஹார்ட்னெலுக்கு முன்னர் எண்ணற்ற வாழ்வுகள் இருந்தன என்று அறிவித்து, அந்த எட்டு முகங்களையும் மீண்டும் திரையில் காட்டியது. நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்துத் தீர்ப்பு கவிழ்ந்தது. முகங்களின் புதிர் தீர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சியில்லை. ஒரு மூலையில் கிடந்த சிறிய ஐயம் இனிமையானது. அதையே தொடரின் ஆணிவேராக்கியபோது, ஊர் பேர் தெரியாத நாடோடி அனைத்துக்கும் மூலமான அதிசயப் பிறவியாக மாறிவிட்டார்.

சிப்னலின் இளமைப் பருவம் இங்கு நினைக்கத்தக்கது. 1986இல், பதினாறு வயதில், அவர் பிபிசியின் 'ஓப்பன் ஏர்' நிகழ்ச்சியில் தோன்றி, அவ்வாண்டுத் தொடரின் கதையமைப்பை அதை எழுதியவர்கள் முன்னிலையிலேயே குறைகூறினார். அவர் குறைகூறிய 'த ட்ரையல் ஆஃப் எ டைம் லார்ட்' பதினான்கு வாரம் நீண்ட ஒரே விசாரணைக் கதை. டாக்டர்மீது குற்றஞ்சாட்டும் வேலியார்ட் யார் என்பது அதன் முடிச்சு. இறுதிப் பகுதிகளை எழுதிக்கொண்டிருந்த ராபர்ட் ஹோம்ஸ் அவ்வாண்டு மே மாதம் இறந்தார். கடைசிப் பகுதியை நிறைவுசெய்த எரிக் சாவர்ட், தயாரிப்பாளருடன் மனம் முறிந்து தம் பிரதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிப் பேக்கர், ஜேன் பேக்கர் தம்பதியர், சாவர்ட் எழுதியது இன்னதென்று அறியாமலே புதிய முடிவொன்றை எழுத நேர்ந்தது. நேயர்கள் பதின்மூன்று வாரம் ஊகித்த கேள்விக்கு விடை தெரிந்தவர் எவரும் அந்தப் பணியிடத்தில் இருக்கவில்லை. ஊகிப்பவர்கள் எளிதில் ஒப்பாத உண்மை இது. மறைத்து வைக்கப்பட்ட விடை எங்கோ உள்ளது, நாம் தேடிக் கண்டடைகிறோம் என்பது அவர்கள் நம்பிக்கை. பல முடிச்சுகளுக்குப் பின்னால் இருப்பதோ களைத்துப்போன சிலரும் நெருங்கிவரும் ஒளிபரப்பு நாளுமே.

2005இல் நிலைமை மாறியது. புத்துயிர் தந்த ரஸல் டி டேவிஸும் இளமை முதல் இத்தொடரின் நேயர். எதைப் போட்டால் எது முளைக்கும் என்பதை அறிந்தவர். 'பேட் வுல்ஃப்' என்னும் இரு சொற்களை முதற்பருவம் முழுதும் தூவிவிட்டார்: டார்டிஸின்மீது கிறுக்கலாக, உலங்கூர்தியின் அழைப்புப் பெயராக, ஓர் அணுமின் நிலையத்துக்கு வெல்ஷ் மொழியில் சூட்டிய பெயராக. ஜூன் 18 அன்று விடை வந்தது. தோழி ரோஸ், டார்டிஸின் உள்ளொளியை நோக்கிப் பெற்ற ஆற்றலால், தன்னைத் தானே வழிநடத்தக் காலமெங்கும் அச்சொற்களைச் சிதறவிட்டிருந்தாள். அதாவது அறிகுறி சுட்டியது அறிகுறியையே. உணர்ச்சி மிகுந்த அக்காட்சி இவ்வெறுமையை மறைத்துவிட்டது. ஆனால் ஊகம் அதுமுதல் நேயரின் தன்முயற்சியாக இல்லாமல், தயாரிப்பாளர் பரிமாறும் பண்டமாயிற்று.

ஸ்டீவன் மொஃபாட் இவ்விளையாட்டில் மேலும் நுட்பமானவர். 2008இல் அறிமுகமான ரிவர் சாங் என்னும் பெண் யார் என்பதை 2011 ஜூன் 4 வரை நீட்டினார். ஏமி பாண்டின் மகள் மெலடி பாண்டே அவள் என்பதும், குளத்துக்குச் சொல்லில்லாத வனமக்களின் மொழியில் குளம் ஆறாகவும் இன்னிசை பாட்டாகவும் பெயர்ந்தது என்பதும் விடை. சொல்லழகு மிக்க தீர்வு. ஆனால் அது நேயர்களிடம் ஒரு கெட்ட பழக்கத்தையும் உறுதிப்படுத்தியது. புதிதாக வருபவர் யாராயினும், அவர் ஏற்கெனவே தெரிந்த ஒருவரின் மகளாகவோ தாயாகவோ பேத்தியாகவோ இருந்தே தீர வேண்டும் என்னும் எண்ணம் அது. அண்டமெல்லாம் சுற்றும் கதையை இது ஒரே குடும்பத்தின் வம்சாவளியாகச் சுருக்கிவிடுகிறது.

2024இல் டேவிஸ் இப்பழக்கத்தையே பொறியாக்கினார். 2004 கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் ரூபி சாலையிலுள்ள தேவாலய வாசலில் விடப்பட்ட குழந்தை ரூபி சண்டே. முக்காடிட்ட அவள் தாய் யார்? அதே பருவத்தில், ஒரே முகம் வெவ்வேறு வேடங்களில் வந்து போனது. அந்நடிகையின் பெயரோ சூசன் ட்விஸ்ட். டாக்டரின் பேத்தி பெயரும் சூசன் என்பதால் ஊகம் கொழுந்துவிட்டது. சூசன் ட்ரையட் என்னும் பாத்திரத்தின் பெயரிலுள்ள எழுத்துகளை மாற்றியடுக்கினால் டார்டிஸ் வருவதைக் கதைமாந்தரே கண்டுபிடிக்கின்றனர். அதுவே வலை. அவளது நிறுவனத்தின் பெயரைச் சுருக்கினால் ஒலிப்பது 1975இல் வந்த பகைவன் சூடெக்கின் பெயர். ரூபியின் தாயோ, ஜூன் 22 அன்று தெரிய வந்தபடி, பதினைந்து வயதில் பிள்ளை பெற்ற எளிய பெண், இப்போது செவிலியர். அவள் யாரென்று எல்லாரும் எண்ணி எண்ணியே அவளைப் பெரியவளாக்கிவிட்டார்கள் என்பது கதையின் விளக்கம்.

கருத்தளவில் இதைவிட நேர்மையான விடை இத்தொடரில் அரிது. பலர் ஏமாற்றமடைந்தனர், அவர்களைக் குறைசொல்லவும் இயலவில்லை. ரூபியைச் சுற்றிக் காரணமின்றிப் பனி பெய்தது. முக்காட்டுப் பெண் அச்சுறுத்தும் தோரணையில் கைநீட்டிச் சுட்டினாள். அவளை அறிய முடியாமல் தெய்வமெனத் தருக்கும் சூடெக்கே திகைத்தான். அவள் சுட்டியது சாலையின் பெயர்ப்பலகையை, குழந்தைக்குப் பெயரிடுவதற்காக, என்கிறார் டேவிஸ். அருகில் அதைக் காண எவரும் இல்லாதபோது யாருக்குச் சுட்டினாள்? எளிமையைப் போற்றும் முடிவுக்கு முன்னால் இத்தனை ஆரவாரம் செய்துவிட்டு, ஆரவாரத்தை நம்பியவர்களைக் கடிந்துகொள்வது நியாயமன்று.

டேவிஸ் தடுமாறிய இடத்தில் தடுமாறாமல் நடந்த ஒரு கதை, ஆறாண்டுகளுக்கு முன்பே, வினய் பட்டேல் எழுத 2018 நவம்பர் 11 அன்று வெளியாயிற்று: 'டீமன்ஸ் ஆஃப் த பஞ்சாப்'. டாக்டரின் தோழி யாஸ்மின் கான், ஷெஃபீல்டில் வளர்ந்த பாகிஸ்தானிய வழி முஸ்லிம் பெண். பாகிஸ்தானில் மணம் முடித்த முதற்பெண் தானே என்று பெருமை பேசும் பாட்டி உம்ரீன், தன் பிறந்தநாளில் பேத்திக்கு உடைந்த கைக்கடிகாரம் ஒன்றைத் தருகிறார். அதைப் பழுதுபார்க்கவே கூடாது என்கிறார். ஏனென்று சொல்ல மறுக்கிறார். யாஸ்மின் டாக்டருடன் 1947 ஆகஸ்டுக்குச் செல்கிறாள். அங்கே இளம் உம்ரீன் மணக்கவிருப்பவன் தன் பாட்டன் அல்லன். பிரேம் என்னும் இந்து உழவன், போரிலிருந்து திரும்பியவன்.

பழைய நேயர் உடனே ஊகிப்பதற்கு வேண்டியன எல்லாம் கதையில் உள்ளன: மரபுரிமைப் பொருள், மறைக்கப்பட்ட மணமகன், திருமணம் நடத்த வந்த முதியவரின் பிணத்தருகே நிற்கும் வேற்றுக்கிரகத்தார் இருவர். டாக்டரும் அவர்களைக் கொலையாளிகள் என்றே கருதுகிறார். அவர்களோ தம் உலகம் காண்பாரின்றி அழிந்தபின், துணையின்றி இறப்போர் அருகில் நின்று அஞ்சலி செலுத்துவதையே கடமையாகக் கொண்டவர்கள். முதியவரைச் சுட்டவன் பிரேமின் தம்பி மனீஷ். எல்லைக்கோடு அறிவிக்கப்பட்ட நாளில் தீமை வானிலிருந்து வர வேண்டியிருக்கவில்லை. பிரேமும் ஆயுதமேந்தியவர்கள் முன் நின்று சுடப்படுகிறான். அவன் இறந்தால்தான் யாஸ்மின் பிறப்பாள் என்பதால் டாக்டர் எதையும் மாற்றாமல் திரும்பி நடக்கிறார். கடிகாரம் திருமணத்தின்போது பிரேமின் கையிலிருந்து விழுந்து நின்றது, அவ்வளவுதான். அதில் மந்திரமில்லை; அண்டத்தின் விதியும் இல்லை. நின்ற நேரம் அவர்களுடையது.

அதே பருவத்தில், அக்டோபர் 14 அன்று, 'காலமற்ற குழந்தை' என்றொரு சொற்றொடர் ஒரு பகுதியில் போகிற போக்கில் உச்சரிக்கப்பட்டது. ஊகங்கள் அதன் பின்னால் சென்றன. 2020இல் அதற்கு வந்த விடையை மேலே கண்டோம். கடிகாரத்தின் விடை அதே மணிநேரத்துக்குள் வந்துவிட்டதால் அதைக் குறித்து ஊகிக்க எவருக்கும் வாய்ப்பிருக்கவில்லை. தொடரில் வந்த முடிச்சுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்த ஒன்றைத்தான். இறுதிக் காட்சியில் யாஸ்மின் ஷெஃபீல்டுக்குத் திரும்பிப் பாட்டியின் அருகில் அமர்கிறாள். கடிகாரத்தின் கதையைக் கேட்க விருப்பமா என்று பாட்டி தாமாகவே கேட்கிறார். எல்லாவற்றையும் கண்டு வந்த பேத்தி, இன்னொரு நாள் சொல்லுங்கள் நானி என்கிறாள்.