இருபத்தொரு விநாடியும் தேயிலை மலையும்: யோகி பியின் தனிக்குரல் குறித்து

2001ஆம் ஆண்டில் இலண்டனின் சோ சாலிட் குரூ என்னும் சொல்லிசைக் குழு வெளியிட்ட ஒரு பாடல் பிரித்தானிய விற்பனைத் தரவரிசையில் முதலிடம் பெற்றது. '21 செகண்ட்ஸ்' என்பது அதன் பெயர். குழுவில் ஆட்கள் பலர். பாட்டின் நேரமோ குறைவு. ஆகவே ஆளுக்கு இருபத்தொரு விநாடி என்று பங்கிட்டுக்கொண்டு, அந்தப் பங்கீட்டையே பாட்டின் பொருளாகவும் ஆக்கிக்கொண்டனர். அப்பாட்டின் வெற்றிக்குப் பின் ரோமியோ, லிசா மாஃபியா, ஆஷர் டி ஆகியோர் தனித்தனியே பாடத் தொடங்கினர். ரோல் டீப் குழுவிலிருந்து வெளியேறிய டிஸ்ஸி ராஸ்கல் தம் முதல் தனித் தொகுப்புக்கு 2003இல் மெர்க்குரி பரிசு பெற்றார். குழுவாய் வென்றபின் தனியே செல்லுதல் அவ்வுலகில் ஏறத்தாழ ஒரு சடங்கு எனலாம். இருபத்தொரு விநாடி கிடைத்தவருக்கு மீதி மூன்று நிமிடத்தையும் தாமே நிரப்ப வேண்டும் என்ற வேட்கை எழுவது இயல்பே. எதைக்கொண்டு நிரப்புகிறார் என்பதுதான் திறனாய்வாளன் கேட்க வேண்டிய வினா.

மலேசியத் தமிழ்ச் சூழலில் இவ்வினாவை எழுப்புவதற்குரிய முதன்மைச் சான்று யோகி பி. அவருடைய தனிப்பயணம் பற்றிப் பாராட்டுரைகள் நிறைய உள. ஆய்வுரைகள் குறைவு. அவருடைய பாட்டை நான் ஆய்வுக்குரிய பொருளாக முதன்முதல் எண்ணிப் பார்த்தது கோலாலம்பூரில் அன்று. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில். படைப்பாக்கப் பயிலரங்கு ஒன்றுக்காக அங்குச் சென்றிருந்தபோது, தங்களுக்குத் தெரிந்த தமிழ்ப் பாட்டு எதையேனும் சொல்லுங்கள் என்று மாணவரைக் கேட்டேன். திருக்குறளோ உலகநீதியோ வரும் என எதிர்பார்த்திருந்த எனக்கு, அவர்கள் பிறப்பதற்கு முன்பே வெளிவந்த 'மடை திறந்து' சொல்லிசை மூச்சுவிடாமல் கிடைத்தது. உடனிருந்த ஆசிரியர் சற்றுக் கூச்சப்பட்டார். கூச்சப்பட வேண்டியவர் அவரல்லர் என்றே எனக்குத் தோன்றிற்று.

யோகி பியின் தொடக்கம் 'பொயட்டிக் ஆம்மோ' என்னும் நால்வர் குழு. பாயிண்ட் பிளாங்க், லேண்ட் ஸ்லைட், சி. லோகோ என்போர் ஏனைய மூவர். 1998இல் வெளிவந்த அவர்களுடைய முதல் தொகுப்பில் ஆங்கிலம், மலாய், தமிழ், காண்டோனியம் ஆகிய நான்கு மொழிகளும் இடம்பெற்றன. நாட்டின் பன்மொழித் தன்மையை அரசு விளம்பரத்தின் புன்னகையோடு காட்டாமல், தெருவில் கலந்து பேசப்படும் விதத்திலேயே காட்டியது அதன் சிறப்பு. ஆனால் தொகுப்பின் முதன்மை மொழி ஆங்கிலமே. தமிழுக்கு அங்கு வாய்த்ததும் ஓர் இருபத்தொரு விநாடிதான்: இருக்கிறது என்று தெரிவிக்கப் போதுமானது, எதையும் எடுத்துரைக்கப் போதாதது.

2006இல் 'வல்லவன்' தொகுப்பு வெளிவந்தது. பெயர்ப்பலகையில் 'யோகி பி அண்ட் நட்சத்ரா' என்றிருந்தது. டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய இருவரும் உடன் இருந்தனர். எனவே இதனைத் தனிப்பயணம் என்பது சொல்லளவில் பிழை. ஒரு குழுவை விட்டு இன்னொரு குழுவை அமைத்தார், அவ்வளவே. எனினும் இலண்டன் கலைஞர்களின் வெளியேற்றத்துக்கும் இதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. அவர்கள் குழுவைத் துறந்தனர், மொழியைத் துறக்கவில்லை. யோகி பி குழுவோடு அதன் முதன்மை மொழியையும் விட்டு விலகித் தமிழுக்குள் வந்தார். ஆங்கிலத்தில் பெயர் பெற்ற ஒருவர், விற்பனை வாய்ப்புக் குறைந்ததென்று அன்று கருதப்பட்ட மொழிக்கு வருவது எளிய முடிவன்று. தமிழில் சொல்லிசை அதற்குமுன் இல்லாமலில்லை. 1994இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. ஆனால் அது நகைச்சுவையின் உடையில் வந்தது. நகைப்புக்கு இடமின்றி, முழு நீளத்துக்கும் தமிழ் இந்த வடிவத்தைத் தாங்கும் என்று காட்டியது 'வல்லவன்'.

எவ்வாறு தாங்கிற்று என்பதை யாப்பு நோக்கில் காண்பது பயன்தரும். ஆங்கிலச் சொல்லிசை அடியின் இறுதியில் வரும் ஒலியொப்புமையையும் சொல்லழுத்தத்தையும் நம்பி நிற்பது. தமிழிலோ தொடையின் பெருமை அடியின் தலைப்பில் உள்ளது. மோனையும் எதுகையும் ஆள, இயைபு ஓரத்தில் நிற்கிறது. சொல்லழுத்தமும் ஆங்கிலத்தில் போலப் பொருளை மாற்றும் அளவுக்குத் தமிழில் இல்லை. ஆகவே இவ்வடிவத்தைத் தமிழுக்குக் கொணர்பவருக்கு இரண்டு இடர்கள். வினைமுற்று விகுதிகளைக் கொண்டு இயைபை அடுக்குவது மிக எளிது. எளிது என்பதாலேயே விரைவில் சலிக்கும். 'வல்லவன்' தொகுப்பிலும் இச்சலிப்புத் தட்டும் இடங்கள் உண்டு. ஆனால் அழுத்தத்தின் இடத்தில் வல்லின இரட்டிப்பை நிறுத்திய உத்தி சிறப்பானது. க்க, ட்ட, ற்ற என வரும் இடங்கள் தாளத்தின் அடியோடு பொருந்தும்போது தமிழ் தன் இயல்பிலேயே தாளக்கருவியாகிறது. தொகுப்பின் பெயரில் இத்தகைய வல்லொற்று இல்லை. பாட்டுக்குள் செவிக்கு அது நிறையவே கிடைக்கிறது.

சொல்லிசைக் கலைஞர் தம் பெயரைத் தாமே அறிவித்துக்கொள்வதைத் தற்புகழ்ச்சி என்று குறைகூறுவோர் நம்மிடையே உளர். சம்பந்தர் பதிகங்களின் திருக்கடைக்காப்பில் தம் பெயரை வைத்துப் பாடியதை அவர்களுக்கு நினைவூட்டலாம். அதற்குமேல் அவ்வொப்பீட்டை நீட்டுவது தகாது. நம் கருத்தரங்குகளில் சொல்லிசையைச் சித்தர் பாடலென்றும் திருப்புகழ்ச் சந்தமென்றும் நிறுவிக் கைதட்டல் பெறும் போக்கு ஒன்று வளர்ந்து வருகிறது. இக்கலைக்கு நம் சான்றிதழ் தேவை என்னும் எண்ணம் அதனுள் ஒளிந்திருக்கிறது. சம்பந்தர் தம் பெயரைப் பாட்டின் இறுதியில், பயன் கூறுமிடத்தில் வைத்தார். சொல்லிசைக் கலைஞர் நுழைவாயிலிலேயே வைக்கிறார். அவ்வேறுபாட்டில்தான் ஆராய வேண்டியது இருக்கிறது.

தொகுப்பின் உயிர்நாடியான 'மடை திறந்து' பாட்டுக்கு வருவோம். பாரதிராஜாவின் 'நிழல்கள்' (1980) படத்தில் வாலி எழுத, இளையராஜா இசையமைக்க, எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியது அதன் மூலம். வாய்ப்புக்காக ஏங்கும் இளம் இசைக்கலைஞன் ஒருவன் தன் வெற்றியைக் கற்பனையில் காணும் சூழல் அது. இளையராஜாவே திரையில் தோன்றும் காட்சியும் அதில் உண்டு. இன்னும் அறியப்படாத ஒருவன் உலகம் தன்னை அறியும் நாளைக் கனவு காண்கிறான். கோலாலம்பூர்க் கலைஞர் ஒருவர் தமிழுலகை நோக்கித் தம்மை அறிவித்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமான பாட்டைத் தெரிந்திருக்க முடியாது. மூலத்தில் கனவாயிருந்தது இங்கு அறைகூவலாகிறது. பலர் இதனைப் பழைய பாட்டின் மறுகலவை என்று கடந்துவிட்டனர். மூலப் பாட்டின் சூழலையே வாதமாக மாற்றிய படைப்பு இது என்பது என் கருத்து.

ஆயின் அதே தேர்வில் ஒரு வரம்பும் உள்ளது. தனக்கென ஒரு குரலைத் தேடிய மலேசியக் கலைஞர் தம் காலடிக்குத் தெரிந்துகொண்ட நிலம் சென்னைத் திரையிசை. அதன் விளைவு பின்னர்த் தெரிந்தது. 'பொல்லாதவன்' (2007) படத்தில் 'எங்கேயும் எப்போதும்' பாட்டின் மறுவடிவில் அவரும் எம்சி ஜெஸும் ஒலித்தனர். 'ஆடுகளம்' (2011), 'விவேகம்' (2017), 'தர்பார்' (2020) எனத் தொடர்ந்தது. இவற்றுள் 'ஆடுகள'த்தின் 'போர்க்களம்' பாட்டில் அவர் குரலுக்குக் கதையோடு உறவு உண்டு. மற்றவை பெரும்பாலும் நாயகனின் வருகையை முழங்குவன. 'தர்பார்' படத்துப் பாட்டின் பெயர் 'தனி வழி'. அதில் பாடியவர் மூவர், அவ்வழியோ இரஜினிகாந்துடையது. குழுவின் பங்கீட்டிலிருந்து வெளியேறியவர் மீண்டும் ஒரு பங்கீட்டுக்குள் வந்து சேர்ந்தார். இதனை வீழ்ச்சி என்று நான் கூறவில்லை. சென்னைத் திரையுலகம் மலேசியக் குரலொன்றைத் தேடி வந்ததும் அதுகாறும் அரிதாகவே நிகழ்ந்தது. ஆனால் கிடைத்தது எத்தனை விநாடி என்று எண்ணாமல் இருக்கவும் இயலவில்லை.

இனி மலைக்கு. ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கியதிலிருந்து கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளில் உழைத்தோருள் தமிழர் பெரும்பங்கினர். ஆயினும் மலேசியத் தமிழிலக்கியத்தில் 'தோட்டம்' என்றால் ரப்பர்த் தோட்டமே. பால்மரமும் கோப்பிக்கடையும் பெரட்டுக்களமும் நம் நாவல்களில் நிறைந்திருக்க, கொழுந்துக் கூடை அருகியே தென்படுகிறது. சொல்லிசை இக்குறையைத் தீர்த்ததா எனில், மேற்கூறிய பாடல்களில் தோட்டமே இல்லை. இதற்குக் காரணம் உண்டு. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாக்கப்பட்டும் போனபின் நகரோரப் புறம்போக்குகளிலும் அடுக்ககங்களிலும் ஒதுங்கிய தலைமுறையின் செவிக்கு வந்த கலை இது. அதன் நிலப்பரப்பு நகரம். விட்டுவந்த தோட்டத்தைத் திரும்பிப் பார்ப்பதைவிட, வந்த நகரில் நிமிர்ந்து நிற்பதே அதன் முதற்பணி. 2007 நவம்பர் 25ஆம் நாள் இண்ட்ராப் பேரணிக்கு ஓராண்டு முன்னர், 'வல்லவன்' என்னும் சொல்லை ஓர் இளைஞர் கூட்டம் தனக்குரியதாக உரக்கச் சொல்லிப் பார்த்தது என்பதும் எண்ணத்தக்கது. இரண்டையும் காரண காரியமாகப் பிணைக்க வேண்டியதில்லை.

தேயிலையிலிருந்து ஒரு தனிக்குரல் எழுந்தால் எவ்வாறிருக்கும் என்பதற்குச் சான்று வேறு திசையில் கிடைக்கிறது. அறிவு, சென்னையில் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் அறியப்பட்டவர். 2018 சனவரியில் அரங்கேறிய அக்குழுவில் கானாவும் பறையும் சொல்லிசையும் கூடி ஒலித்தன. அடுத்த ஆண்டில் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குறள்' என்னும் தொகுப்பை வெளியிட்டார்; பெயரே தமிழாசிரியர் அனைவரையும் நிமிர்ந்து உட்காரச் செய்யும். 2021 மார்ச்சில் தீயுடன் பாடி, சந்தோஷ் நாராயணனின் தயாரிப்பில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' உலகெங்கும் சென்றது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்த தம் பாட்டியின் வாழ்விலிருந்து அப்பாட்டைத் தாம் பெற்றதாக அறிவு கூறியுள்ளார். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தது. ஒப்பந்தத்தில் எண்ணிக்கையாக நின்றோருள் ஒருத்தி இப்பாட்டில் ஆளாகிறாள்.

யோகி பிக்கும் அறிவுக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவுறும். முன்னவர் குழுவை விட்டு மொழிக்கு வந்தார். பின்னவர் குழுவை விட்டுப் பாட்டியிடம் சென்றார். 2024இல் வெளியான தொகுப்புக்கு அவர் இட்ட பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. தனிக்கலைஞர் தம் பெயரை முழங்க வேண்டிய இடத்தில் உறவுமுறை ஒன்று நிற்கிறது. இதற்குப் பின்புலமும் உண்டு. இலங்கை மலையகத்தில் சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்டத்து நாட்டார் பாடல்களைத் திரட்டி நூலாக்கியிருந்தனர். கொழுந்துக்கு அங்கு ஓர் இலக்கிய நினைவு உண்டு. கேமரன் மலைக்கு அத்தகைய திரட்டு இருந்திருப்பின் நம் சொல்லிசைக்கும் காலடிக்கு வேறொரு நிலம் கிடைத்திருக்கக்கூடும். இக்குறையில் பல்கலைக்கழகத்துத் தமிழ்த்துறையினராகிய நமக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

அறிவின் வழியும் முட்களற்றதன்று. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இதழின் இந்தியப் பதிப்பு அட்டையில் அவர் படம் இல்லாதது கண்டனத்துக்குள்ளாயிற்று. 2022இல் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரின்றி அப்பாட்டு அரங்கேறியது. பாட்டின் உருவாக்கத்தில் யாருடைய பங்கு எவ்வளவு என்பது குறித்து அவரும் சந்தோஷ் நாராயணனும் வெவ்வேறு விதமாக எழுதினர். யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிப்பது இங்கு நோக்கமன்று. நாட்டார் பாடலில் எழாத வினா, அப்பாட்டு தனியொருவர் பெயரில் சந்தைக்கு வந்தவுடன் எழுகிறது. ஒப்பாரிக்கு உரிமையாளர் யார் என்று லயத்தில் எவரும் கேட்டதில்லை.

அப்பயிலரங்கின் இரண்டாம் நாளில் மாணவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். ஆளுக்கு இருபத்தொரு விநாடி. அதற்குள் தாத்தாவோ பாட்டியோ செய்த வேலையைத் தாளத்தோடு சொல்ல வேண்டும். பெரும்பாலோர் 'மடை திறந்து' மெட்டிலேயே தொடங்கினர். தடுக்கவில்லை. மூவர் மட்டும் மெட்டை விட்டுவிட்டு மேசையைத் தட்டிக்கொண்டு கூடை, கொழுந்து, குளிர் என்று தாமாகவே அடுக்கினர். மோனை யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே வந்தது. அதில் ஒரு சிறுமி, இன்று சரிவுகளில் இருவர் இருபக்கமும் பிடித்துக்கொண்டு கொழுந்தை வெட்டும் இயந்திரத்தையும், அதைப் பிடித்திருக்கும் வங்காளதேச, நேபாளத் தொழிலாளரையும் பற்றிச் சொல்ல முயன்று பாதியில் நின்றாள். அந்த இயந்திரத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தோட்டத்தில் எல்லாரும் மிசின் என்றுதான் சொல்வார்கள் என்றார் ஆசிரியர். அவள் மிசின் என்றே வைத்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடியும் தொடங்கினாள்.